இறங்கிய போர்டிகோ, வெடித்த சந்து: வீட்டைச் சுற்றியுள்ள கான்கிரீட்டைச் சரிசெய்ய முழுமையான வழிகாட்டி

பெங்களூரில் தனி வீட்டில் இருக்கும் பலருக்கும் இது பழகிப்போன தொல்லை. கேட்டுக்கும் வாசற்படிக்கும் நடுவில் போட்ட கான்கிரீட் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும், தரைக்கடித் தண்ணீர்த் தொட்டியான சம்ப்பின் மூடியைச் சுற்றி விரிசல் ஓடும், வீட்டைச் சுற்றி விட்ட மூன்றடிச் சந்தில் ஒரு இடத்தில் மட்டும் மழைத்தண்ணீர் சுவரைப் பார்த்து ஓடி அங்கேயே தேங்கும். மேஸ்திரியைக் கூப்பிட்டுக் காட்டினால் பெரும்பாலும் வருகிற பதில் ஒன்றுதான்: “சிமென்ட் பால் ஊத்தி மேல ஒரு கோட்டு இழுத்துடலாம் சார், ஒரு நாள் வேலை.” இழுக்கலாம்தான். அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் அதே இடத்தில் அதே விரிசல் மேலே வந்து நிற்கும், கூடவே புதுப் பூச்சும் ஏடு ஏடாகப் பெயரும்.

தரையில் போட்ட கான்கிரீட் சொந்தப் பலத்தில் நிற்பதில்லை, அடியில் இருக்கிற மண்மேல் படுத்திருக்கிறது. அந்த மண் போனால் இதுவும் போகும். மண்ணைக் கொண்டுபோவது பெரும்பாலும் தண்ணீர். அதனால் இதில் பாதிக்கு மேல் கான்கிரீட்டைத் தொடுவதற்கு முன்பு செய்ய வேண்டிய வேலைதான். நேராகக் கலவைக் கணக்குக்குத் தாவிவிடாதீர்கள்.

எதைத் தொடக் கூடாது

இங்கே சொல்வதெல்லாம் மண்மேல் படுத்திருக்கும் தரைக்கு மட்டும். சம்ப்புக்கு மேலே இருக்கிற ஸ்லாப் வேறு ஜாதி. அது கம்பி கட்டி, அடியில் வெற்றிடத்தோடு நிற்கிற ஆர்.சி.சி. அதில் விரிசல் விழுந்தாலோ, விரிசலோரம் துருக்கறை தெரிந்தாலோ, பூசி மூடாமல் முதலில் காரை அதன்மேல் நிறுத்துவதை நிறுத்திவிட்டு ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வரவழையுங்கள். அதேபோல் தரை இறங்கிய பக்கத்துச் சுவரிலும் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக விரிசல் ஏறியிருந்தாலோ, கதவு திடீரென்று நிலையில் இடிக்க ஆரம்பித்தாலோ, இறங்குவது தரை மட்டுமில்லை, அஸ்திவாரமாகவும் இருக்கலாம். அதுவும் இன்ஜினியர் பார்க்க வேண்டியது.

விரிசல் என்ன சொல்கிறது

குனிந்து பாருங்கள். தலைமுடி மாதிரி மெல்லிசாக, வலை பின்னியதுபோல மேற்பரப்பில் மட்டும் ஓடுகிற விரிசல் கான்கிரீட் போட்ட அன்றைக்கே பிறந்தது. வெயிலிலும் காற்றிலும் மேல்பகுதி சீக்கிரம் காய்ந்திருக்கும், அல்லது பளபளப்பு வேண்டுமென்று மேலே வெறும் சிமென்ட்டைத் தூவித் தேய்த்திருப்பார்கள். அதனால் ஆபத்து இல்லை, பார்க்க அசிங்கம், அவ்வளவுதான். நீளமான தரையின் நடுவே குறுக்காக ஒரே கோடாக ஓடி, இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் அது சுருக்க விரிசல். கான்கிரீட் காயும்போது சுருங்கும். சுருங்குவதற்கு இடம் விட்டு நடுநடுவே ஜாயின்ட் வெட்டாமல் போனால் அது தானே ஒரு ஜாயின்ட் போட்டுக்கொள்ளும்.

கவனிக்க வேண்டியது மூன்றாவது வகை: விரிசலின் ஒரு பக்கம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் இருப்பது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் வெறும் காலால் குறுக்கே தேய்த்துப் பாருங்கள், விளிம்பு இடறும். இதுதான் மண் இறங்கிய விரிசல். சில சமயம் நேர்மாறாக, மரத்தின் வேர் ஒரு பக்கத்தைத் தூக்கியும் இருக்கும். கேட்டுப் பக்கம் புங்கையோ மே பிளவரோ நின்றால் முதல் சந்தேகம் அதன் மேல் வரட்டும்.

அடுத்தது, விரிசல் இன்னும் நகர்கிறதா, நின்றுவிட்டதா என்பது. விரிசலுக்குக் குறுக்கே மூன்று நான்கு இடங்களில் பென்சிலால் கோடு இழுத்துப் பக்கத்தில் தேதி எழுதுங்கள். அகலத்தை அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. ஏடிஎம் கார்டின் தடிமன் முக்கால் மில்லிமீட்டர். கார்டு நுழைகிறதா இல்லையா என்று பார்த்துக் குறித்துக்கொண்டு, ஒரு கோடையும் ஒரு மழைக்காலமும் விட்டுப் பார்ப்பதே நல்லது. அவ்வளவு பொறுமை இல்லையென்றால் இரண்டு மாதமாவது பாருங்கள். நகர்கிற விரிசலுக்குச் சிமென்ட் கலவை வைப்பது வீண், அதற்கு ரப்பர் மாதிரி இழுபடுகிற பொருள்தான் வேண்டும்.

கடைசியாக ஒரு சுத்தியலை எடுத்துக்கொண்டு, ஒரு அடிக்கு ஒரு தட்டு என்று தரை முழுக்க மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். மண் ஒட்டியிருக்கிற இடத்தில் ‘டக்’ என்று அடைத்த சத்தம் வரும், அடியில் வெற்றிடம் இருந்தால் ‘டொம்’ என்று குடம் போல ஒலிக்கும். ஒலிக்கிற இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுவிட்டு எழுந்து நின்று பார்த்தால், வட்டங்கள் ஏதோ ஒரு குழாய்ப் பாதையிலோ, கழிவுநீர்ச் சேம்பரைச் சுற்றியோ, மொட்டைமாடித் தண்ணீர் இறங்குகிற பைப்புக்கு நேர் கீழேயோ வரிசைகட்டி நிற்பது அனேகமாகத் தெரியும்.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது

ஒவ்வொன்றாகப் பாருங்கள். முதலில் மாடித் தண்ணீர் இறங்கும் பைப். அது சந்தில் தரைக்கு ஒரு சாண் மேலே வெட்டிவிடப்பட்டு, மழைக்கு முழு மொட்டைமாடித் தண்ணீரும் ஒரே இடத்தில் விழுகிறது என்றால் வேறு காரணம் தேடவே வேண்டாம். 2009-க்குப் பிறகு குடிநீர் வாரியம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதால் பல வீடுகளில் அவசரத்துக்கு ஒரு உறைகுழி தோண்டி வைத்திருக்கிறார்கள், அதுவும் சுவரை ஒட்டியே. தண்ணீரை மண்ணுக்குள் அனுப்புவது நல்ல காரியம்தான், ஆனால் அஸ்திவாரத்தையும் போர்டிகோவையும் ஒட்டி அனுப்பினால் மண் இளகும். முடிந்தால் குழியைக் காம்பவுண்டின் தூரத்து மூலைக்குத் தள்ளுங்கள், இல்லையென்றால் அந்தப் பைப்பை வடிகட்டியோடு சம்ப்புக்குத் திருப்புங்கள்.

அடுத்தது சம்ப். இது கசிகிறதா என்று பார்ப்பது சுலபம். காவேரித் தண்ணீர் வராத நாளின் இரவில் சம்ப் நிறைய இருக்கும்போது உள்சுவரில் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு, மோட்டார் போடாமல் விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். விரற்கடை இறங்கியிருந்தாலும் கசிவுதான். கசியாவிட்டாலும் தண்ணீர் வருகிற நாளில் ஃப்ளோட் வால்வு மூடாமல் நிரம்பி வழிகிறதா என்று ஒருமுறை விழித்திருந்து பார்த்துவிடுங்கள். யாரும் பார்க்காத நடுராத்திரியில் மணிக்கணக்காக வழிகிற தண்ணீர் போர்டிகோவுக்கு அடியில்தான் இறங்குகிறது.

மீட்டரிலிருந்து சம்ப்புக்கு வரும் குழாய்க்கு வேறு சோதனை: தண்ணீர் வரும் நேரத்தில் சம்ப் வால்வை மூடுங்கள். அதற்குப் பிறகும் மீட்டர் ஓடினால் நடுவில் எங்கோ உடைந்திருக்கிறது. கழிவுக் குழாய்க்கு, துணிக்குப் போடும் நீலத்தை ஒரு பக்கெட்டில் கெட்டியாகக் கலக்கிக் கக்கூஸில் ஊற்றிச் சேம்பரைத் திறந்து வைத்துப் பாருங்கள். ஊற்றியதில் பாதிதான் வந்து சேர்கிறது என்றால், அல்லது சேம்பர் சுவரில் குழாய் நுழையும் இடத்தில் மண் கொட்டிக் கிடந்தால், உடைந்த ஜாயின்ட் வழியாக மண் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. பழைய வீடுகளில் இருக்கும் பீங்கான் குழாய்களில் இது சகஜம். பெருச்சாளி வளையும் இதில் சேர்த்தி. அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துப் பழைய தெருக்களில் மோரியிலிருந்து, அதாவது சாக்கடையிலிருந்து, வளை போட்டு நேராகப் போர்டிகோவுக்கு அடியில் குடித்தனம் நடத்தும்.

தண்ணீர்க் குற்றவாளி யாரும் கிடைக்கவில்லையென்றால் மண்ணைப் பாருங்கள். ஊரின் செம்மண் நல்ல மண்தான், ஆனால் உங்கள் வீட்டுக்கு அடியில் இருப்பது அதுதானா என்பதுதான் கேள்வி. இந்த ஊரில் ஏரியைத் தூர்த்துக் கட்டியது கொஞ்சநஞ்சமில்லை. மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு இருப்பது தர்மாம்புதி ஏரியில், கண்டீரவா மைதானம் இருப்பது சம்பங்கி ஏரியில். ஏரிக்கரை லேஅவுட்களில் அடியில் களிமண் இருக்கும், மார்ச்சில் காய்ந்து சுருங்கும், செப்டம்பரில் ஊறி உப்பும். வேறு சில இடங்களில் பள்ளத்தை இடித்த வீட்டுக் கழிவால் நிரப்பி மேலே இரண்டு லோடு செம்மண்ணைப் பரப்பிவிட்டுப் போயிருப்பார்கள். இந்த இரண்டு வகை மனையிலும் சின்ன ஒட்டுவேலை நிலைக்காது என்று இப்போதே மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

மூன்றில் எது உங்களுக்கு

மட்டம் மாறாத விரிசலை மூடினால் போதும். மட்டம் மாறவில்லை, ஆனால் தட்டினால் குடம் போல ஒலிக்கிறது என்றால் அடியை நிரப்ப வேண்டும். ஒரு அங்குலத்துக்கு மேல் இறங்கியிருந்தாலோ, நாலைந்து துண்டாக உடைந்திருந்தாலோ உடைத்துப் புதிதாகப் போடுங்கள். வெளிநாட்டு வீடியோக்களில் தரையில் துளை போட்டு ஃபோம் செலுத்தி அப்படியே தூக்குவதைப் பார்த்திருப்பீர்கள். தொழில்நுட்பம் உண்மைதான், இங்கேயும் தொழிற்சாலைத் தரைகளுக்குச் செய்கிறார்கள். ஆனால் முப்பதுக்கு நாற்பது மனையில் ஒரு போர்டிகோவுக்காக அந்த மெஷினைக் கொண்டுவருவதைவிட உடைத்துப் போடுவது மலிவு, அடியில் என்ன இருக்கிறது என்று கண்ணாலும் பார்த்துவிடலாம். எனக்கு எப்போதும் அதுதான் கட்சி.

விரிசலை மூடுவது

வந்த வாக்கில் மேலே தடவினால் ஒட்டாது. விரிசலை உளியாலோ டைமண்ட் பிளேடு போட்ட கிரைண்டராலோ அரை அங்குல அகலத்துக்கு, முக்கால் முதல் ஒரு அங்குல ஆழத்துக்கு வெட்டி அகலப்படுத்துங்கள். பக்கங்கள் செங்குத்தாக இருக்கட்டும், அடியில் கொஞ்சம் அகலமாக இருந்தால் இன்னும் நல்லது. வி வடிவில் வெட்டினால் கலவை ஓரத்தில் மெல்லிசாகி முதலில் அங்கேதான் பெயரும். கிரைண்டர் கிளப்பும் தூசு நுரையீரலுக்குக் கெடுதல், அதனால் சரியான மாஸ்க் போடுங்கள். தண்ணீர் தெளித்து வெட்டினால் தூசு அடங்கும், ஆனால் ஈரத்தில் கரண்ட் மெஷினைப் பிடிக்கும்போது வீட்டில் கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற ஆர்.சி.சி.பி. சுவிட்ச் வேலை செய்கிறதா என்று டெஸ்ட் பட்டனை அழுத்திப் பார்த்த பிறகு பிடியுங்கள். வெட்டியதைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து ஊதி எடுங்கள்.

இங்கேதான் நிறைய பேருக்குக் குழம்பும். நகராத விரிசலுக்குச் சிமென்ட் கலவை வைப்பதானால் வெட்டிய இடம் ஈரமாக இருக்க வேண்டும். முதல் நாளே தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, வைக்கும்போது தேங்கிய நீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். கலவையைப் பிடித்து ஒட்டவைக்கும் பால் போன்ற எஸ்.பி.ஆர். லேடெக்ஸையும் சிமென்ட்டையும் டப்பாவில் போட்ட அளவில் குழைத்து பிரஷ்ஷால் தடவி, அது பிசுபிசுப்பாக இருக்கும்போதே ஒன்றுக்கு மூன்று சிமென்ட் மணல் கலவையை, அதிலும் லேடெக்ஸ் சேர்த்து, கரணை நுனியால் அழுத்தித் திணிக்க வேண்டும். லேடெக்ஸ் காய்ந்த பிறகு வைத்தால் ஒட்டுவதற்குப் பதில் பிரியும்.

நகர்கிற விரிசலுக்கு பாலியூரித்தேன் சீலன்ட், இதற்கு எல்லாம் தலைகீழ். எலும்பாகக் காய்ந்திருக்க வேண்டும், மழை பெய்து சில நாள் வெயில் அடித்த பிறகே தொடுங்கள். வெட்டிய காடியின் அடியில் பேக்கர் ராட் என்று விற்கிற ஃபோம் கயிற்றை அழுத்திவிட்டு, அதன்மேல் காடி அகலத்தில் பாதி உயரத்துக்கு சீலன்ட்டை விடுங்கள். கயிறு எதற்கென்றால், சீலன்ட் இரண்டு பக்கச் சுவரில் மட்டும் ஒட்டினால்தான் இழுபடும், அடியிலும் ஒட்டிக்கொண்டால் கிழியும். சோப்புத் தண்ணீரில் நனைத்த விரலால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் முடிந்தது.

அடியை நிரப்புவது

சாக்பீஸ் வட்டங்களுக்குள் இரண்டடிக்கு ஒன்றாக, விரல் நுழையும் அளவுக்குத் துளை போடுங்கள். குழாய் போகிற பாதை தெரிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் டிரில் பிட் ஜி.ஐ. பைப்பில்தான் போய் நிற்கும். சலித்த மெல்லிய மணலும் சிமென்ட்டும் கலந்து மோர் போல ஊற்றுகிற பதத்தில் குழம்பு தயாரித்து, ஒரு முழ நீள பிவிசி குழாயைத் துளையில் நிறுத்திப் புனல் வைத்து ஊற்றுங்கள். அடுத்த துளையில் குழம்பு எட்டிப் பார்த்ததும் இதை அடைத்துவிட்டு அங்கே போங்கள். பட்ஜெட் இருந்தால் கடையில் கிடைக்கும் சுருங்காத கிரௌட் பை வாங்கிக்கொள்ளலாம். ஊற்ற ஊற்றப் போய்க்கொண்டே இருந்து எந்தத் துளையிலும் வரவில்லையென்றால் நிறுத்துங்கள். அது சேம்பருக்குள்ளோ மோரிக்குள்ளோ போகிறது என்று அர்த்தம், கழிவுக் குழாயை அடைத்துவிட்டால் செலவு பத்து மடங்கு. இந்த வேலை தரையைத் தாங்கும், தூக்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

உடைத்துப் போடுவது

ஒரே பேனலாக, ஜாயின்டிலிருந்து ஜாயின்ட் வரை எடுங்கள். பழைய தரையில் ஜாயின்ட் இல்லையென்றால் கிரைண்டரால் நேர்கோடு வெட்டிவிட்டு, பிறகு சுத்தியல் போடுங்கள். வெட்டாமல் உடைத்தால் நல்ல பக்கத்துக்கும் விரிசல் பாயும்.

உடைத்து அள்ளியதும் கடப்பாரையால் குத்திப் பாருங்கள். பொதபொதவென்று இறங்கும் கறுப்புச் சேறு, பிளாஸ்டிக், செங்கல் துண்டு, வேர் எல்லாவற்றையும் கெட்டி மண் வரும்வரை தோண்டி எடுக்க வேண்டும். மரவேர் என்றால் மணிக்கட்டுப் பருமனுள்ளதை வெட்டாதீர்கள், மரம் சாய்ந்தால் அது வேறு வழக்கு. அந்த இடத்தில் கான்கிரீட்டுக்குப் பதில் பேவர் பிளாக் போட்டுவிடுங்கள், வேர் தூக்கும்போது எடுத்து மறுபடி அடுக்கலாம்.

பிறகு நிரப்புதல், முழு வேலையின் உயிர் இங்கேதான். நல்ல செம்மண்ணையோ கிரஷர் டஸ்ட்டோடு கலந்த ஜல்லியையோ ஆறு அங்குலத்துக்கு மேல் போகாத அடுக்குகளாகப் போட்டு, ஒவ்வொன்றையும் திமிசுக்கட்டையாலோ வாடகைக்குக் கிடைக்கும் பிளேட் காம்பாக்டராலோ இடிக்க வேண்டும். ஈரப்பதம் முக்கியம். ஒரு பிடி மண்ணை இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. சித்தாள்கள் இரண்டடிப் பள்ளத்தையும் ஒரே மூச்சில் நிரப்பித் தண்ணீர் விட்டு “தானா உக்காந்துடும்” என்பார்கள். உட்காரும், நீங்கள் கான்கிரீட் போட்ட பிறகு.

சுவரோரம் அரை அங்குல தெர்மாகோல் பட்டையை நிறுத்துங்கள், தரை சுவரோடு ஒட்டக் கூடாது. பக்கத்துப் பழைய ஸ்லாப்பில் தடிமனின் நடுவில் ஒரு அடிக்கு ஒன்றாகத் துளையிட்டு, 12 எம்.எம். கம்பியை ஒன்றரை அடி நீளத்தில் பாதி உள்ளே, பாதி வெளியே வையுங்கள். வெளியே நிற்கிற பாதிக்கு கிரீஸ் தடவ வேண்டும். இனி ஒரு பக்கம் மட்டும் இறங்காது, சுருங்குவதற்கும் தடை இருக்காது. வாட்டம் வீட்டிலிருந்து வெளியே, ஒரு மீட்டர் நீளத்துக்கு இரண்டு சென்டிமீட்டர். டியூப் லெவலில் பார்த்து நூல் கட்டுங்கள், கண்மட்டத்தை நம்பாதீர்கள்.

கார் ஏறுகிற தரை நாலு அங்குலத்துக்குக் குறையக் கூடாது. சிமென்ட், மணல், ஜல்லி கலவை ஒன்றுக்கு ஒன்றரைக்கு மூன்று. பத்தடிக்கு எட்டடி பேனல் என்றால் சிமென்ட் ஆறு மூட்டை, எம்-சாண்ட் சுமார் 11 கன அடி, 20 எம்.எம். ஜல்லி சுமார் 22 கன அடி வரும். மூட்டைக்குத் தண்ணீர் 25 லிட்டர், அதாவது 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டில் ஒன்றேகால். மணல் ஈரமாக இருந்தால் இன்னும் குறையுங்கள். வேலை லேசாக ஓடட்டும் என்று டியூபைப் பிடித்து ஊற்ற விடாதீர்கள், கூடுதலாகப் போகிற தண்ணீர் அத்தனையும் பலத்தைத் தின்று நாளைக்கு விரிசலாக வரும்.

கொட்டிக் குத்தி, மட்டப்பலகையால் இழுத்து, மரக்கட்டையால் தேய்த்தபின் மேலே ஊறி நிற்கும் நீர் மறையும்வரை கை வைக்காதீர்கள். மறைந்த பிறகு துடைப்பத்தால் ஒரே திசையில் கோடு இழுத்தால் மழையில் வழுக்காது. அந்த ஈரத்தை உறிஞ்ச வெறும் சிமென்ட் தூவுவார்கள், கண்டிப்பாக வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள். எட்டு முதல் பத்து அடிக்கு ஒரு ஜாயின்ட், தடிமனில் கால்பங்கு ஆழத்துக்கு, பச்சையாக இருக்கும்போது கோடிழுத்தோ, கிரைண்டரால் மறுநாள் காலைக்குள்ளோ வெட்டியாக வேண்டும். தாமதித்தால் அது தன் விருப்பத்துக்கு வெடிக்கும்.

இங்கே நல்ல காலம் டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை. மழைத் தொல்லை இல்லை, வெயிலும் கடுமையில்லை. ஆனால் அந்த மாதங்களில் காற்று வறட்சியாக அடிக்கும், குளிர்தானே என்று ஏமாந்தால் மதியத்துக்குள் மேற்பரப்பு வெடித்திருக்கும். போட்ட சில மணி நேரத்தில் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடி, மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துங்கள், வாட்டத்தில் நிற்காவிட்டால் நனைத்த சாக்கு. சிமென்ட் மூட்டையில் பி.பி.சி. (சாம்பல் கலந்த வகை) என்று இருந்தால் குறைந்தது 10 நாள், ஓ.பி.சி. (சாதாரண வகை) என்றால் 7 நாள். காலை ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளி தெளிப்பது க்யூரிங் ஆகாது, நடுவில் காயவே கூடாது.

இரண்டாம் நாள் நடக்கலாம், ஒரு வாரத்தில் ஸ்கூட்டர், காருக்கு 28 நாள் பொறுங்கள். அதுவரை தெருவில் நிறுத்துவதற்குப் பக்கத்து வீட்டுக்காரரிடம் முன்பே சொல்லி வையுங்கள், இல்லையென்றால் அது தனிச் சண்டை. அந்த 28 நாளில் தரை காய்ந்தும் இருக்கும், அப்போது சுவரோரத் தெர்மாகோலின் மேல் அரை அங்குலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அங்கேயும் பாலியூரித்தேன் சீலன்ட் விட்டுவிடுங்கள். தரை எவ்வளவு நன்றாகப் போட்டிருந்தாலும் சுவர் வழியாக வழிகிற மழைத்தண்ணீர் உள்ளே இறங்குகிற வாசல் அதுதான். வெயிலில் சீலன்ட் சில வருடத்தில் கெட்டிப்பட்டுப் பிளக்கும், ஏப்ரல் மழைக்கு முன்னால் ஒரு நடை போய்ப் பார்த்து, விட்டுப்போன இடத்தை மட்டும் வெட்டி எடுத்துப் புதிதாக விட்டால் போதும்.